ஒரே பெட்டிக்குள் நாலு முகவரி

எங்கள் வீட்டில் தபாலை அப்பாதான் பிரிப்பார். யார் பேருக்கு வந்திருந்தாலும் சரி. இன்லேண்டு லெட்டரின் ஓரத்தைக் கத்தரியால் வெட்டி, முதலில் மனதுக்குள் படித்து, அப்புறம் எங்களுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டி, மேலே தேதி போட்டு ஃபைலில் கோத்துவிடுவார். கல்கத்தாவில் டல்ஹௌசி பக்கம் ஒரு பழைய வெள்ளைக்காரக் கம்பெனியில் ஸ்டெனோவாகச் சேர்ந்து, பெரிய துரைக்கு பி.ஏ. ஆனவர் அவர். துரைக்கு வரும் கடிதம் எதுவானாலும் முதலில் அப்பா கைக்குத்தான் வரும். எது துரை மேஜைக்குப் போக வேண்டும், எதற்குத் தானே பதில் போட்டு அனுப்பிவிடலாம் என்று அப்பாவே முடிவு செய்வார். பம்பாயில் இருந்த பெண்டாட்டிக்குத் துரை எழுதுகிற பிறந்தநாள் கடிதத்தைக்கூட அப்பாதான் எழுதுவாராம். "அந்தம்மாவுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது" என்று சொல்லிச் சிரிப்பார். நாங்களும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறோம்.

கல்கத்தாவைக் கொல்கத்தா என்று எழுத ஆரம்பித்த சமயத்தில், அந்தக் கம்பெனி விருப்ப ஓய்வு என்று பேர் வைத்து ஆட்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. யாருடைய விருப்பம் என்று கேட்காதீர்கள். அப்பாவும் வந்துவிட்டார். வந்த கையோடு ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். லேக் கார்டன்ஸில் எங்கள் வாடகை வீட்டு ஹாலில், சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்தில் அதற்கு இடம். காலையில் குளித்து, விபூதி பூசி, இஸ்திரி போட்ட சட்டையோடு அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவார். ஆபீஸில் கொடுக்கிற நேரத்துக்கு அம்மா டீ கொண்டுவந்து வைக்க வேண்டும். கொஞ்சம் தாமதமானால் முகம் சுருங்கும்.

அப்போது வீட்டில் அப்பா, அம்மா, நான் மூன்று பேர்தான். நான் பார்க் ஸ்ட்ரீட்டில் ஒரு டிராவல் ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா கல்யாணமாகி அமெரிக்கா போயிருந்தாள். மாப்பிள்ளை என்ஜினியர், நல்ல இடம் என்று லேக் மார்க்கெட் காய்கறிக் கடை வரைக்கும் எல்லோரும் சொன்ன சம்பந்தம். மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் வரும். மாப்பிள்ளைதான் பேச ஆரம்பிப்பார், அவரே பேசி முடிப்பார். நடுவில் கொஞ்ச நேரம் அக்கா வந்து, சௌக்கியம், சௌக்கியம் என்பாள்.

மற்றபடி நானும் அக்காவும் ஓசி இ-மெயில் முகவரியில் எழுதிக்கொண்டிருந்தோம். நான் ஆபீஸ் விட்டு வரும்போது இன்டர்நெட் கடையில் உட்கார்ந்து எழுதுவேன். அப்பாவுக்கு அது பிடிக்காது. "ஓசி முகவரிங்கறது லாட்ஜ்ல குடியிருக்கிற மாதிரி. நாளைக்கே கதவைச் சாத்திட்டா என்ன பண்ணுவே? நமக்குன்னு சொந்தமா ஒண்ணு வேணும்" என்பார். சொந்தப் பேரில் டாட் காம் வாங்கலாம் என்று எதிலோ படித்துவிட்டார். என்ன பேர் வைப்பது என்று ஒரு வாரம் யோசனை. கீழ் வீட்டு வங்காளி மாஷிமா குடும்பத்துக்கு டைட்டில் என்று ஒரு குடும்பப் பேர் இருக்கிறது. பேருக்குப் பின்னால் அதைப் போட்டால் மொத்தக் குடும்பமும் அடங்கிவிடும். நமக்கு எங்கே போவது, ஆளுக்கொரு இனிஷியல்தான். கடைசியில் அப்பா தன் பேரையே போட்டு டொமைன் வாங்கினார். அம்மாவுக்கு அது என்னவென்று புரியவில்லை, ஆனால் பூஜை அலமாரி முன்னால் விழுந்து கும்பிடச் சொன்னதும் கும்பிட்டாள்.

டொமைன் வாங்கினால் மட்டும் போதாது, மெயில் வந்து விழ ஓர் இடம் வேண்டும். சாந்தினி பக்கம் ஒரு மாடியறையில் அந்த ஹோஸ்டிங் வியாபாரம் செய்கிறவர் இருந்தார். அந்த டொமைன் பேருக்கு வருகிற மெயிலை எந்தக் கம்ப்யூட்டருக்கு அனுப்ப வேண்டும் என்று மாற்றி எழுத வேண்டும், அது உலகம் பூராவும் பரவ ஓரிரண்டு நாள் ஆகும் என்று அவர் போனில் விளக்கினார். அந்த ஓரிரண்டு நாளும் அப்பா நிலைகொள்ளவில்லை. மணிக்கொரு தரம் போன் போட்டு "ஹொயேச்சே, தாதா?", ஆச்சா அண்ணா, என்று வங்காளியில் கேட்டபடி இருந்தார். அந்த மனிதர் பொறுமைசாலி. ஆகிவிடும், ஆகிவிடும் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் இன்னொன்றும் சொன்னார். அப்பா கட்டிய தொகைக்கு ஒரே ஒரு மெயில்பாக்ஸ்தான். ஆனால் முகவரி எத்தனை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், யார் பேருக்கு எழுதினாலும் எல்லாம் அந்த ஒரே பெட்டியில் வந்து விழும். வேறு யாராக இருந்தாலும் இதைக் குறை என்று சொல்லியிருப்பார்கள். அப்பாவுக்கு இதுதான் பிடித்தது. அப்பா, அம்மா, அக்கா, நான் என்று நாலு முகவரி உண்டாக்கினார். பாஸ்வேர்டு ஒன்று, அது அவரிடம்.

அப்புறம் வீடு ஆபீஸாகவே மாறிவிட்டது. சாயங்காலம் காபி குடித்துவிட்டு மோடத்தைப் போடுவார். அது கிரீச்சென்று கத்தி முடித்ததும் மெயில்கள் இறங்கும். இறங்கியதும் இணைப்பை வெட்டிவிடுவார், போன் பில் ஏறக் கூடாது. எல்லாவற்றையும் அச்செடுத்து, ஓட்டை போட்டு, ஆளுக்கொரு ஃபைலில் கோத்து மேஜையில் வைப்பார். நாம் பதில் எழுத வேண்டுமானால் எழுதி வைத்துவிட வேண்டும், அடுத்த நாள் இணைப்புப் போடும்போது அவர் அனுப்புவார். எனக்கு இது கொஞ்சம் எரிச்சலாக இருந்தது, அவ்வளவுதான். பிறந்ததிலிருந்து பிரித்த தபாலையே படித்து வளர்ந்தவளுக்கு இதில் என்ன புதுசாகத் தெரியும்? கடையில் போய் உட்காருவதை விட்டேன். யாரும் திறக்காமல் கிடந்ததால் என் பழைய ஓசி முகவரியை அவர்களே மூடிவிட்டார்கள்.

அக்காவுக்கு மட்டும் விஷயம் வேறு மாதிரிப் போய்ச் சேர்ந்தது. அப்பா அவளுக்குப் பெருமையாக எழுதினார்: நம் குடும்பத்துக்குச் சொந்த டொமைன் வந்துவிட்டது, ஆளுக்கொரு தனி முகவரி, தங்கைக்கு இனிமேல் இந்த முகவரிக்கே எழுது. தனி முகவரி என்றால் தனிப் பெட்டி என்றுதான் அவள் எடுத்துக்கொண்டாள். யார்தான் அப்படி எடுத்துக்கொள்ள மாட்டார்கள்? நாலு முகவரியும் அப்பாவின் ஒரே பெட்டிக்குள்தான் விழுகிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

அங்கே அவள் அடி வாங்கிக்கொண்டிருந்தாள். கல்யாணமான முதல் குளிர்காலத்திலேயே ஆரம்பித்துவிட்டதாம். வீட்டுக் கம்ப்யூட்டரை மாப்பிள்ளை பூட்டி வைத்திருந்தார். அவள் ஊர் லைப்ரரிக்கு நடந்து போய், அங்கே பொதுவாக வைத்திருந்த கம்ப்யூட்டரில் உட்கார்ந்து எனக்கு எழுதினாள். அடிக்கிறார், எனக்குப் பயமாக இருக்கிறது, டிக்கெட் வாங்கி அனுப்பு, அம்மா அப்பாவிடம் நீயே பக்குவமாகச் சொல், நான் வந்துவிடுகிறேன் என்று எழுதினாள். ஒரு தடவை இல்லை, பல தடவை. ஒன்றுகூட என் ஃபைலுக்கு வரவில்லை. என் ஃபைலில் இருந்ததெல்லாம் மஞ்சள் இலை, பனி, சாம்பார்ப் பொடி தீர்ந்துவிட்டது, இந்த மாதிரி நாலு வரிதான். அவை எங்கள் எல்லோருக்கும் பொதுவாக அவள் எழுதியவை. நான் விழுந்து விழுந்து பக்கம் பக்கமாக எழுதி அனுப்பச் சொன்னதற்கு ஒரு பதிலும் இல்லை. அமெரிக்கா போனதும் கொழுப்பு ஏறிவிட்டது என்று அம்மாவிடம் திட்டித் தீர்த்தேன். அப்பா கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் எழுதியதை அவர் அனுப்பவே இல்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது.

துர்கா பூஜை சமயம், அஷ்டமி காலை. எங்கள் பாராவில், அதாவது பேட்டையில், பந்தல் வாசலுக்கு நேரெதிரே. அஞ்சலி கொடுக்கக் கூட்டம் கூடியிருந்தது, மேளக்காரன் டாக் அடித்துக்கொண்டிருந்தான். அந்தச் சத்தத்தில் போன் அடித்தது எனக்குத் தாமதமாகத்தான் கேட்டது. எடுத்தால் அக்கா. ஞாயிற்றுக்கிழமைகூட இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து பேசுகிறேன் என்றாள்.

"நீ சொன்ன மாதிரிதான் இருந்தேன்" என்றாள். மருந்து மயக்கமோ என்னவோ, குரல் கனத்திருந்தது. "கொழந்தை வந்தா எல்லாம் சரியாயிடும்னு சொன்னியே. கொழந்தை போயிடுச்சு. தள்ளிவிட்டாரு, படியில விழுந்தேன்."

"நான் எப்பக்கா சொன்னேன்?"

"மெயில்ல. எத்தனை தடவை டிக்கெட் கேட்டேன்? அம்மாவுக்குத் தாங்காது, கொஞ்சம் பொறுத்துக்கோ, அவர் மனசு கோணாம நடந்துக்கோன்னு எழுதினியே."

"எனக்கு ஒரு மெயிலும் வரலக்கா. நான் எழுதவே இல்ல. சத்தியமா இல்ல."

"அந்தப் பேரைச் சொல்லித்தானே கூப்பிட்டிருந்தே" என்றாள். சின்ன வயசிலிருந்து நான் மட்டுமே அவளைக் கூப்பிடும் ஒரு செல்லப் பேர் உண்டு. வேறு யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்த வீட்டில் எல்லோருக்கும் காது இருந்தது. நான் அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் போனை வைத்துவிட்டாள்.

திரும்பிப் பார்த்தேன். அப்பா இஸ்திரிச் சட்டையோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். கை கீபோர்டு மேல் இருந்தது, தட்டவில்லை. நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை, இருந்தாலும் கேட்டேன். "நீங்களாப்பா எழுதினது?"

"பதில் போடாம விட முடியுமா?" என்றார். கொஞ்சம்கூடக் குரல் நடுங்கவில்லை. "உன் பேருக்கு வந்துது, உன் பேர்ல போட்டேன். நான் சொன்னா பயந்துக்குவா. நீ சொன்னா கேப்பா."

"அவளை அடிக்கறாங்கப்பா."

"எந்த வீட்லம்மா இல்ல? உனக்கு வரன் பாத்துக்கிட்டிருக்கோம். மூத்தவ திரும்பி வந்து உக்காந்தா உன்னை யாரு கேப்பாங்க? நான் யாருக்காகப் பண்ணினேன்?"

எனக்காகவாம். கையில் கிடைத்த ஃபைலை எடுத்துச் சுவரில் அடித்தேன், தாள் ஹால் பூராவும் பறந்தது. குழந்தை போய்விட்டது, உங்கள் பேத்தியோ பேரனோ படியில் விழுந்து போய்விட்டது என்று கத்தினேன். அப்பா அதைக் கேட்டு முகத்தை மூடிக்கொண்டார். அழுதாரா தெரியாது, எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை. அம்மா சமையலறை வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டாள். அவள் கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது. ஆனாலும் என் தோளைத் தொட்டு, "மெதுவாப் பேசும்மா, கீழ மாஷிமா வீட்டுக்குக் கேக்கும்" என்றாள். வெளியே அந்த டாக் சத்தத்தில் யாருக்கு என்ன கேட்டிருக்கும்?

அடுத்த வாரமே நான் வேறு முகவரி உண்டாக்கி அக்காவுக்கு எல்லாவற்றையும் எழுதினேன். பதில் இல்லை. சரி, ஆதாரம் வேண்டும் என்று சாந்தினிக்கே நேரில் போனேன். போனில் பேசிய அந்த மனிதர் நல்லவர், எனக்கு நாற்காலி போட்டு, விஷயத்தைக் கேட்டு, பாவம், அவரே சங்கடப்பட்டார். இந்த மெயில்களை எழுதியது நான் இல்லை, என் அப்பா என்று ஒரு கடிதம் தாருங்கள் என்றேன். அவர் தலையை ஆட்டினார். எல்லாம் உங்கள் முகவரியிலிருந்துதான் போயிருக்கிறது, ஒரே மெயில்பாக்ஸ், ஒரே கம்ப்யூட்டர், ஒரே போன் லைன், யார் உட்கார்ந்து தட்டினார்கள் என்று எங்களுக்கு எப்படித் தெரியும், தீதி என்றார். நியாயம்தான். எதைக் காட்டினாலும் அதில் என் பேர்தான் இருக்கும். திரும்பி வரும்போது மெட்ரோவில் நின்றபடியே அழுதேன். யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள்.

அக்கா மறு வருஷம் வந்துவிட்டாள். நாங்கள் யாரும் காரணம் இல்லை. அந்த லைப்ரரியில் வேலை பார்த்த ஒரு பெண்மணி அவள் கழுத்தைப் பார்த்துவிட்டு, தானே கொண்டுபோய் ஒரு காப்பகத்தில் சேர்த்திருக்கிறாள். டம்டம் ஏர்போர்ட்டில் போய் அழைத்து வந்தது நான்தான். ஒரே ஒரு பெட்டி. டாக்ஸியில் அதை எனக்கும் தனக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள். "அம்மாவுக்கு இப்பத் தாங்குமா?" என்று கேட்டாள். நான் அந்த இடத்திலேயே சத்தியம் செய்தேன், அம்மா மேல், சாமி மேல், எல்லார் மேலும். "சரி விடு" என்றாள்.

அந்த "சரி விடு"வை அடுத்து வந்த வருஷங்களில் எத்தனை தடவை கேட்டிருப்பேனோ. அவளுக்குக் காளிகாட் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. விவாகரத்து ஆனது. என்னிடம் பேசாமல் இல்லை. உப்பு இருக்கா, கரண்ட் போச்சா, அம்மா மாத்திரை சாப்பிட்டாளா, அந்த அளவுக்குப் பேசுவாள். மனசு விட்டு ஒரு வார்த்தை கிடையாது. அப்பாவோடு மட்டும் சிரிப்பாள். அதுதான் எனக்கு ஆறவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவருக்குப் பேப்பர் படித்துக் காட்டுவாள். அவரும் அவளுக்குத் தன் கையால் காபி கலந்து கொடுப்பார். நாற்காலியை இழுத்துப் போடுவார். அவளைப் பார்த்தாலே அந்த மனுஷனுக்கு உருகும். அது நடிப்பு இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

"அவகிட்ட நீங்களே சொல்லுங்கப்பா" என்று தனியாகப் பிடித்துக் கேட்பேன். "சொல்றேம்மா. கொஞ்சம் ஆறட்டும்" என்பார். பூஜை வரும், பொங்கல் வரும், ஆறவே ஆறாது. அக்காவிடம் "அவரையே கேட்டுப் பாரேன்" என்றால், "அப்பா மேல பழியப் போடாதே" என்பாள். அவருக்கு இப்படித் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் கொச்சையாக எழுத வருமா என்பாள். துரையின் பெண்டாட்டி கதையை ஞாபகப்படுத்தினால், அது ஆபீஸ் வேலை என்பாள். வருகிற வரனையெல்லாம் நான் விரட்டினேன். எந்தக் கல்யாணத்தைச் சொல்லி அவளை அங்கே கிடக்க வைத்தாரோ, அந்தக் கல்யாணமே வேண்டாம் என்று இருந்தது. அப்புறம் என் ஆபீஸ் நியூ டவுனுக்கு மாறியது, அங்கேயே ஒரு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டேன். இருவர் முகத்தையும் ஒரே மேஜையில் பார்த்துச் சாப்பிட முடியவில்லை.

அப்பாவுக்குக் கல்லீரலில் புற்றுநோய் என்று தெரிந்தபோது முற்றிவிட்டிருந்தது. ஆஸ்பத்திரி வேண்டாம் என்று அழைத்து வந்துவிட்டார்கள். கம்ப்யூட்டரை எடுத்துவிட்டு, ஹாலில் அந்த இடத்தில் கட்டிலைப் போட்டார்கள். நான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பஸ் மாறி மாறி வந்து போனேன். கோபம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த உடம்பைப் பார்த்தால் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாது. அவர் கண்ணை மூடுவதற்குள் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட மாட்டாரா என்பது ஒன்றுதான் எனக்கு. என் அக்கா எனக்குத் திரும்பக் கிடைக்க அந்த ஒரு வார்த்தை போதும். அதைச் சொல்ல உலகத்தில் அவரைத் தவிர யோக்கியதை உள்ளவர் அம்மா ஒருத்திதான், அம்மா வாயைத் திறக்கிறவள் இல்லை.

அப்படி ஒரு ஞாயிறு மத்தியானம். அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அப்பாவுக்கு ரசம் சாதத்தைக் குழைத்து ஸ்பூனால் ஊட்டிக்கொண்டிருந்தாள். நான் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தேன். அம்மா அப்பளத்தோடு சமையலறையிலிருந்து வந்தாள். என்ன தோன்றியதோ, அக்கா ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்துவிட்டாள்.

"அப்பா, ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லுங்க. அந்த மெயிலெல்லாம் யாரு எழுதினது?"

கேட்டுவிட்டாள். இத்தனை வருஷம் கழித்து, அவளாகவே, என் முன்னாலேயே கேட்டுவிட்டாள். அப்பா என்னைப் பார்த்தார். நல்ல நினைவோடு இருந்தார், அதில் சந்தேகமே இல்லை. அப்புறம் அவளைப் பார்த்தார். அவள் கை அவர் கை மேல் இருந்தது.

"உன் தங்கச்சி சொன்னா" என்றார். "நான் டைப் அடிச்சேன்."

நான் அம்மாவைப் பார்த்தேன். அஷ்டமி அன்றைக்கு அந்த வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டவள். அம்மா என் கண்ணைப் பார்க்கவில்லை. அப்பளத் தட்டைக் கட்டில் பக்கத்தில் வைத்துவிட்டு, "சாதம் ஆறுது, ஊட்டிவிடு" என்று அக்காவிடம் சொன்னாள். அக்கா தலையசைத்தாள். என் பக்கம் திரும்பாமலே ஸ்பூனை எடுத்து, அப்பாவுக்கு அடுத்த வாயை ஊட்டினாள்.